நடுக்கதையில் ஒரு சிரிப்பு: திகில்-காமெடி ஆந்தாலஜி படங்கள் உருவானது எப்படி?

ஒரு நீள மேசை. ஒரு பக்கம் உயரமான, பட்டுச் சட்டை போட்ட கனவான். ஒயினை மூக்குக்குக் கீழே வைத்து முகர்கிறார், நாக்கில் உருட்டுகிறார், கன்னத்தைக் குழிக்கிறார், மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறார். பிறகு எந்த ஊர் திராட்சை, எந்த வருஷம் என்று சரியாகச் சொல்கிறார். எதிர்ப்பக்கம் குள்ளமாக, கசங்கிய கோட்டுடன் ஒரு குடிகாரர். கோப்பையை எடுக்கிறார், ஒரே மடக்கில் கவிழ்க்கிறார். அவரும் எந்த ஊர், எந்த வருஷம் என்று அதே துல்லியத்துடன் சொல்கிறார். அடுத்த கோப்பை, அதற்கடுத்தது என்று போட்டி நீள நீள, குடிகாரருக்குப் போதை ஏறுகிறதே தவிர பதில் தப்புவதில்லை.

1962இல் வந்த 'டேல்ஸ் ஆஃப் டெரர்' படத்தின் நடுவில் வரும் காட்சி இது. கனவான், வின்சென்ட் பிரைஸ். குடிகாரர், பீட்டர் லோரே. இயக்கம் ரோஜர் கார்மன். கதை எட்கர் ஆலன் போவுடையது. ஆனால், போவின் கதையில் இப்படி ஒரு போட்டியே கிடையாது. மனைவியைக் கொன்று சுவருக்குள் புதைப்பவனைப் பற்றிய 'தி பிளாக் கேட்' கதை அது. படிக்கிற யாருக்கும் சிரிப்பு வராது.

அந்தக் கதையை எடுத்து இப்படிச் சிரிக்க வைக்கும் தைரியம் எங்கிருந்து வந்தது? பெரிய ஸ்டுடியோக்கள் தொடத் தயங்கிய இந்த வகைப் படங்களைச் சின்னப் பட்ஜெட் தயாரிப்பாளர்களே திரும்பத் திரும்ப எடுத்தது ஏன்?

முதலில் இரண்டு வார்த்தைகள்

'ஆந்தாலஜி' என்பதை ஓடிடி வந்த பிறகு எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஒரே படம், உள்ளே மூன்று முதல் ஐந்து தனிக் கதைகள். சிலவற்றில் ஒவ்வொரு கதைக்கும் ஒரு இயக்குநர், சிலவற்றில் எல்லாவற்றுக்கும் ஒருவரே. திகில் ஆந்தாலஜியில் கூடுதலாக ஒன்று இருக்கும். கதைகளை ஒன்றாகக் கட்டிப்போட ஒரு வெளிக்கதை. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கியபடி வேதாளம் கதை சொல்கிறதே, அந்த ஏற்பாடுதான். கதைகள் வேதாளத்துடையவை என்றாலும், படம் முடியும்போது மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கதை கேட்டவர்தான்.

இன்னொரு வார்த்தை, 'வியர்டு ஃபிக்‌ஷன்'. இது வெறும் பேய்க்கதை அல்ல. செத்தவர் வெள்ளைப் புடவையில் வருவது பேய்க்கதை. உலகம் இயங்கும் விதத்திலேயே ஏதோ கோளாறு இருக்கிறது, மனிதப் புத்திக்கு அது எட்டாது என்று உணர வைப்பது வியர்டு ஃபிக்‌ஷன். 19ஆம் நூற்றாண்டில் போ போட்ட பாதையில், அமெரிக்காவின் எச்.பி.லவ்கிராஃப்ட் (1890-1937) அதை ஒரு தனி வகையாகவே ஆக்கினார். 1923இல் சிகாகோவில் தொடங்கிய 'வியர்டு டேல்ஸ்' என்ற மலிவு விலைப் பத்திரிகைதான் அந்த எழுத்தாளர்களின் வீடு.

இந்தக் கதைகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெரும்பாலும் சிறியவை. ஒரே ஒரு அதிர்ச்சியை நோக்கிப் போகும், அது வந்ததும் முடிந்துவிடும். ஒன்றரை மணி நேரப் படமாக இழுத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். அரை மணி நேரம் என்றால் கச்சிதம். ஆந்தாலஜி வடிவம் இவற்றோடு இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு முதல் காரணம் இந்த நீளக் கணக்குதான்.

கோல்ஃப் ஆடிய பேய்

கார்மனுக்கு முன்பே இதைச் செய்து காட்டியது ஒரு பிரிட்டிஷ் படம். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில் லண்டனின் ஈலிங் ஸ்டுடியோ வெளியிட்ட 'டெட் ஆஃப் நைட்'. ஆல்பர்ட்டோ காவல்கான்டி, சார்லஸ் கிரிக்டன், பேசில் டியர்டன், ராபர்ட் ஹேமர் என நான்கு இயக்குநர்கள்.

வெளிக்கதை இப்படி: ஒரு கட்டடக் கலைஞர் கிராமத்து வீடு ஒன்றுக்கு வருகிறார். உள்ளே நுழைந்ததும், அங்கிருக்கும் ஒவ்வொருவரையும் தன் கனவில் ஏற்கெனவே பார்த்திருப்பதாகச் சொல்கிறார். விருந்தாளிகள் ஒவ்வொருவராகத் தங்களுக்கு நேர்ந்த அமானுஷ்ய அனுபவத்தைச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். மொத்தம் ஐந்து கதைகள். சவ வண்டி ஓட்டுபவரைப் பற்றிய முதல் கதை ஈ.எஃப்.பென்சனுடையது. கடைசியில் வருவது, தன் பொம்மைக்கே அடிமையாகும் குரல்வித்தைக்காரனின் கதை. அந்தப் பொம்மையை மறக்க நாளாகும்.

இதற்கு நடுவே, நான்காவதாக வருகிறது ஒரு கோல்ஃப் கதை. இரண்டு நண்பர்கள், ஒரே பெண் மீது காதல். யாருக்கு அவள் என்பதை ஒரு கோல்ஃப் ஆட்டத்தில் முடிவு செய்கிறார்கள் (அவளுடைய விருப்பத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, அதுவும் ஒரு கிண்டல்தான்). தோற்றவர் நேராக ஏரிக்குள் நடந்துபோய் மூழ்கிவிடுகிறார். ஆனால், ஜெயித்தவர் ஆட்டத்தில் ஏமாற்றியது மேலோகத்தில் தெரிந்துவிட, செத்தவர் பேயாகத் திரும்பி வருகிறார். மிரட்டுகிறார், பழி வாங்குகிறார். எல்லாம் முடிந்து மறைய நினைக்கும்போதுதான் சிக்கல். மறைவதற்கான கைச் சைகை மறந்துபோகிறது. இப்படி அசைத்துப் பார்க்கிறார், அப்படி அசைத்துப் பார்க்கிறார், ஒன்றும் நடக்கவில்லை.

மறைய முடியாமல் தவிக்கும் கத்துக்குட்டிப் பேய் என்ற அந்தக் கரு எச்.ஜி.வெல்ஸ் 1902இல் எழுதியது. வெல்ஸின் கதை சிரிப்பில் தொடங்கி மரணத்தில் முடியும். பேயின் சைகைகளைச் செய்து காட்டும் மனிதர், கடைசிச் சைகையை முடித்ததும் நண்பர்கள் கண் முன்னே செத்து விழுகிறார். ஈலிங் படம் அந்த முடிவைத் திருப்பிப் போட்டது. உதவி செய்யப்போன உயிருள்ள நண்பர் மறைந்துவிடுகிறார். பேய் கொஞ்சம் யோசித்துவிட்டு, புது மணப்பெண் காத்திருக்கும் மாடியறைக்குப் படியேறுகிறது.

படம் அமெரிக்காவுக்குப் போனபோது விநியோகஸ்தர்கள் நீளம் அதிகம் என்று இரண்டு கதைகளை வெட்டினார்கள். ஒன்று கிறிஸ்துமஸ் விருந்துக் கதை. மற்றொன்று, இந்த கோல்ஃப் கதை. திகில் படத்தில் காமெடி எதற்கு என்று நினைத்திருக்கலாம். ஆனால் பலன் என்ன? படத்தின் முடிவில், கட்டடக் கலைஞரின் கெட்ட கனவுக்குள் எல்லாக் கதை மாந்தர்களும் ஒன்றாகக் கலந்து வருவார்கள். வெட்டப்பட்ட கதைகளின் ஆட்களும் அதில் உண்டு. கதைகளைப் பார்க்காத அமெரிக்க ரசிகர்களுக்கு, 'இவங்க யாரு?' என்ற குழப்பம்தான் மிச்சம்.

கதைக் கணக்கில் மட்டுமல்ல, மூச்சுக் கணக்கிலும் அந்த வெட்டு தவறு. மூன்று கதைகளாகப் பயந்து கொண்டிருக்கும் பார்வையாளர் ஒரு கட்டத்தில் பயத்துக்குப் பழகிவிடுவார். 'சரி, இப்போ ஏதோ வரும்' என்று தயாராகவே உட்கார்ந்திருப்பார். நடுவில் சிரிக்க வைத்தால் அந்தத் தயார்நிலை கலைந்துவிடும். தோள் தளரும். பொம்மைக் கதை தொடங்குவது சரியாக அந்த நேரத்தில்தான்.

இந்தப் படத்துக்கு யாருமே எதிர்பாராத ஒரு விளைவும் உண்டு. 'டெட் ஆஃப் நைட்' முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும். கட்டடக் கலைஞர் கண்விழிப்பார், போன் வரும், அதே கிராமத்து வீட்டுக்குக் கிளம்புவார். படத்தைப் பார்த்துவிட்டு வந்த மூன்று விஞ்ஞானிகள், பிரபஞ்சமும் இப்படித் தொடக்கமும் முடிவும் இல்லாமல் இருந்தால் என்ன என்று பேச ஆரம்பித்தார்கள். ஃபிரெட் ஹாய்ல், ஹெர்மன் போண்டி, தாமஸ் கோல்ட். 1948இல் அவர்கள் வெளியிட்ட 'மாறாநிலைப் பிரபஞ்சக் கோட்பாடு' பின்னால் ஆதாரங்களிடம் தோற்றுப்போனது. பேய்ப் படத்திலிருந்து கிளம்பிய அண்டவியல் கோட்பாடு என்ற பெருமை மட்டும் நிலைத்துவிட்டது.

வீடுதான் பூதம்

இனி கார்மன். 1950களின் கடைசியில் அவர் வேலை பார்த்த ஏ.ஐ.பி. நிறுவனம் (அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ்) டிரைவ்-இன் தியேட்டர்களை நம்பிப் பிழைத்தது. பத்து நாளில் ஒரு கறுப்பு-வெள்ளைப் படம், இன்னொரு பத்து நாளில் இன்னொன்று, இரண்டையும் ஒரே டிக்கெட்டில் காட்டு. இதுதான் ஃபார்முலா. அந்த இரண்டு படத்துக்கான காசில் ஒரே ஒரு கலர் படம், பதினைந்து நாள் படப்பிடிப்பு என்று கார்மன் கேட்டார். கதை, போவின் 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்'.

ஏ.ஐ.பி.யின் சாமுவேல் ஆர்காஃபுக்குச் சந்தேகம். திகில் படம் என்கிறீர்கள், பூதம் எங்கே? வீடுதான் பூதம் என்று கார்மன் சமாளித்தார். 1960இல் படம் வந்தது, நன்றாகவே ஓடியது.

போவைத் தேர்ந்தெடுத்ததில் இலக்கிய ஆர்வம் உண்டு. கார்மன் சிறுவயதிலேயே போவைப் படித்தவர். ஆனால், தயாரிப்பாளர் கண்ணில் போவுக்கு வேறொரு தகுதியும் இருந்தது. அவர் 1849இலேயே இறந்துவிட்டார். உரிமைத் தொகை ஒரு பைசா கிடையாது. பெயரோ, பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு அமெரிக்கருக்கும் தெரிந்த பெயர். போஸ்டரில் நட்சத்திரத்துக்கு இணையான பெயரை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

சிக்கனம் அதோடு நிற்கவில்லை. இடிக்கப்படவிருந்த ஒரு பழைய களஞ்சியத்தை இரவில் கொளுத்திப் படம்பிடித்தார் கார்மன். அஷர் வீடு எரியும் காட்சி அது. உத்தரம் சரிந்து விழும் அதே ஷாட்டுகள் அடுத்தடுத்த போ படங்களிலும் வரும். கலை இயக்குநர் டேனியல் ஹேலர் ஒரு படத்துக்கு வாங்கிய தூண்களையும் வளைவுகளையும் சேர்த்து வைத்து, அடுத்த படத்துக்கு இன்னும் பெரிய கோட்டை கட்டினார். போ படங்கள் வரவர பிரமாண்டமாகத் தெரிந்ததன் ரகசியம், இந்தச் சேமிப்புதான்.

'தி பிட் அண்ட் தி பெண்டுலம்', 'தி பிரிமெச்சூர் பரியல்' என்று அடுத்தடுத்து வந்தன. இருட்டறை, தூசி, இறந்த மனைவி, வெறித்த கண்கள். எழுதிக்கொண்டிருந்த ரிச்சர்ட் மேத்தசனுக்கு ஒரு கட்டத்தில் சலித்துவிட்டது. 'டேல்ஸ் ஆஃப் டெரர்' மூன்று கதை கொண்ட ஆந்தாலஜியாக வந்தபோது, நடுக்கதையை அவர் காமெடியாகத் திருப்பினார். ஒரு முழுப் படத்தைக் காமெடியாக்கியிருந்தால் சூதாட்டம். மூன்றில் ஒன்று என்றால், தோற்றாலும் முப்பது நிமிஷம்தான் நஷ்டம். புதிதாக ஒன்றை முயன்று பார்க்க ஆந்தாலஜி தரும் இந்தப் பாதுகாப்பு, சின்னத் தயாரிப்பாளர்களுக்குப் பெரிய விஷயம்.

மேத்தசன் செய்த வேலை சுவாரசியமானது. போவின் 'தி பிளாக் கேட்' (1843), 'தி காஸ்க் ஆஃப் அமோன்டிலாடோ' (1846) இரண்டிலுமே ஒரு சுவர் வருகிறது. முதலாவதில் மனைவியின் உடல் சுவருக்குள் போகிறது. இரண்டாவதில் எதிரியை உயிரோடு சுவருக்குள் அடைக்கிறார்கள். மேத்தசன் இரண்டு சுவர்களையும் ஒன்றாக்கிவிட்டார். குடிகாரக் கணவன் லோரே, ஒயின் நிபுணர் பிரைஸ், இடையில் அலட்சியப்படுத்தப்பட்ட மனைவி. அவளுக்கும் நிபுணருக்கும் உறவு ஏற்படுகிறது. கணவன் இருவரையும் சேர்த்தே சுவருக்குள் அடைக்கிறான். போலீஸ் வந்து தேடும்போது, உள்ளே மாட்டிக்கொண்ட பூனை கத்திக் காட்டிக் கொடுக்கிறது.

பிரைஸுக்கு ஒயினை எப்படி ருசி பார்ப்பது என்று சொல்லிக் கொடுக்க உண்மையான நிபுணர் ஒருவரே வரவழைக்கப்பட்டார். கற்றுக்கொண்ட ஒவ்வொரு அசைவையும் பிரைஸ் ஒரு இழை அதிகமாகச் செய்தார். லோரே வேறு ரகம். ஸ்கிரிப்ட்டில் இருப்பதைச் சொல்லாமல், மனதுக்குத் தோன்றியதைச் சொல்பவர். ஒருவர் நகைக்கடைத் தராசு மாதிரி, மற்றவர் சந்தைக் கூச்சல் மாதிரி. காட்சி சிரிப்பது அந்த உரசலில்தான்.

ஆனாலும் அதில் பயம் விலகிவிடவில்லை என்பதுதான் முக்கியம். லோரேயின் முகத்தைக் கவனித்தால் தெரியும். மனைவியிடம் காசு பிடுங்கும் காட்சியில் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம், சட்டென்று 'இந்த ஆள் உண்மையிலேயே கொல்வான்' என்று உறைக்கிறது. ஜெர்மனியில் 1931இல் வந்த 'எம்' படத்தில் குழந்தைகளைக் கொல்பவனாக நடித்துப் பெயர் வாங்கியவர் அவர். அந்தப் பழைய நிழல் இந்தக் காமெடிக்குள்ளும் விழுகிறது.

மற்ற இரண்டு கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் கதையான 'மொரெல்லா' சுமார். எரிந்த களஞ்சியம் அதிலும் எரிகிறது. மூன்றாவது, 'வால்டிமார்'. சாகும் தறுவாயில் இருப்பவரை மனவசியத்தால் பிடித்து நிறுத்துகிறார்கள். உடல் செத்துவிடுகிறது, குரல் மட்டும் விடுதலை கேட்டுக் கெஞ்சுகிறது. போ இதை 1845இல் வெளியிட்டபோது உண்மையான மருத்துவ அறிக்கை என்று நம்பியவர்கள் இருந்தார்கள். படத்தில், முகம் உருகும் கடைசிக் காட்சிக்காகப் பிரைஸின் முகத்தில் சூடான பசைக் கலவையை ஊற்றினார்கள். சில நொடிகளுக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. ஒயின் காட்சியில் சிரித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தச் சில நொடிகளே போதுமானதாக இருந்தது.

நடுக்கதை பிடித்துப்போக, அடுத்த ஆண்டே முழு நீளக் காமெடியாக 'தி ரேவன்' வந்தது. பிரைஸ், லோரே, போரிஸ் கார்லோஃப் மூவரும் மந்திரவாதிகள். லோரேயின் மகனாக, அப்போது யாருக்கும் தெரியாத ஜாக் நிக்கல்சன். போவின் கவிதையிலிருந்து எடுத்துக்கொண்டது தலைப்பையும் தொடக்கத்தையும் மட்டும்தான். படப்பிடிப்பு முடிந்தபோது செட்டு இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதை வீணாக்குவானேன் என்று, கார்லோஃபை வைத்து இரண்டு மூன்று நாளில் வேறொரு படத்துக்கான காட்சிகளையும் எடுத்துவிட்டார் கார்மன். கதையைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்ற நிலை. மீதியை ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா உட்பட வெவ்வேறு ஆட்கள் எடுத்துச் சேர்த்தார்கள். 'தி டெரர்' என்ற அந்தப் படத்தைப் பார்த்தால், யாரும் கதையை யோசித்த மாதிரி தெரியாது.

லவ்கிராஃப்டுக்கு வந்த சோதனை

அதே 1963இல் கார்மன் 'தி ஹான்டட் பேலஸ்' என்று ஒரு படம் எடுத்தார். விளம்பரத்தில் 'எட்கர் ஆலன் போவின்' என்று கொட்டை எழுத்து. உள்ளே இருந்ததோ லவ்கிராஃப்ட் எழுதிய 'தி கேஸ் ஆஃப் சார்லஸ் டெக்ஸ்டர் வார்டு'. போ பெயரில்தான் டிக்கெட் விற்கும் என்பதால் ஏ.ஐ.பி. போவின் கவிதை ஒன்றின் தலைப்பை ஒட்டிவிட்டது. வாழ்ந்தபோது புகழோ பணமோ பார்க்காமல் 46 வயதில் வறுமையில் இறந்த லவ்கிராஃப்ட், பெரிய திரைக்கு வந்தபோதும் இன்னொருவர் முகமூடியோடுதான் வந்தார்.

லவ்கிராஃப்டை வைத்துக் காமெடி செய்யலாமா என்று அவருடைய தீவிர வாசகர்கள் கோபப்படுவதுண்டு. அவர்களுக்கு ஒரு தகவல். 'ஹெர்பர்ட் வெஸ்ட்: ரீஅனிமேட்டர்' என்ற தொடர்கதையை லவ்கிராஃப்ட் 1921-22இல் எழுதியதே 'ஹோம் ப்ரூ' என்ற நகைச்சுவைப் பத்திரிகைக்குத்தான். ஒரு பகுதிக்கு 5 டாலர். பிணத்தை எழுப்பும் மருத்துவ மாணவனின் கதை. ஒவ்வொரு மாதமும் முன்கதைச் சுருக்கம் எழுத வேண்டும், ஒவ்வொரு மாதமும் அதிர்ச்சியில் முடிக்க வேண்டும். காசுக்காக எழுதுகிறோம் என்று நண்பர்களிடம் புலம்பிக்கொண்டே எழுதினார்.

சிகாகோ நாடகக்காரர் ஸ்டூவர்ட் கார்டன் 1985இல் அதை 'ரீ-அனிமேட்டர்' என்று சின்ன பட்ஜெட்டில் எடுத்தார். ரத்தமும் சிரிப்பும் சம அளவில் தெறிக்கும் படம். லவ்கிராஃப்டின் மூலக்கதையில் ஒரு கறுப்பினக் குத்துச்சண்டை வீரரைப் பற்றி எழுதியிருக்கும் விதம் இன்று வாய்விட்டுப் படிக்கக் கூசும். வெளியாட்கள் மீதான வெறுப்பு அவருடைய பல கதைகளிலும் ஓடுவது. கார்டன் அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளவே இல்லை. அவர் படத்தில் கிண்டலுக்கு ஆளாவது, சாவையே ஜெயித்துவிட்டதாக நினைக்கும் படித்த மருத்துவர்களின் அகம்பாவம்.

இதன் தயாரிப்பாளர் பிரையன் யூஸ்னா 1993இல் 'நெக்ரோனாமிக்கான்' என்ற ஆந்தாலஜிக்குப் போனார். பிரான்ஸின் கிறிஸ்டோஃப் கான்ஸ், ஜப்பானின் ஷூசுகே கானெகோ, யூஸ்னா என மூன்று இயக்குநர்கள். வெளிக்கதையில் லவ்கிராஃப்டே ஒரு பாத்திரம். 'ரீ-அனிமேட்டர்' நாயகன் ஜெஃப்ரி கோம்ப்ஸ் அந்த வேடத்தில். ரகசியப் புத்தகத்தைத் தேடி மடாலய நூலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழையும் சாகசக்காரராக அவரைப் பார்ப்பதே ஒரு ஜோக்தான். படம் சமச்சீராக இல்லை. குளிரில் உடலைக் காப்பாற்றிவரும் மருத்துவரின் கதையை மட்டும் தேடிப் பார்க்கலாம்.

நட்சத்திரத்துக்கு எத்தனை நாள் கால்ஷீட்?

1960களில் இங்கிலாந்தில் இந்த வடிவத்தைத் தொழிலாகவே மாற்றியவர்கள் மில்டன் சுபாட்ஸ்கி, மேக்ஸ் ரோசன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அவர்களுடைய அமிகஸ் நிறுவனம் 1965இல் 'டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்' எடுத்தது. ரயில் பெட்டியில் ஐந்து பேர். சீட்டுக்கட்டில் எதிர்காலம் சொல்லும் ஆறாவது ஆளாகப் பீட்டர் குஷிங். 'டெட் ஆஃப் நைட்' மீது சுபாட்ஸ்கிக்கு இருந்த பித்து படம் முழுக்கத் தெரியும்.

அமிகஸ் கணக்கு எளிது. முழுப் படத்துக்கு ஒரு பெரிய நடிகரை வைத்தால் பல வாரச் சம்பளம். ஆந்தாலஜியில் ஒரு கதைக்கு ஒரு நடிகர், சில நாள் வேலை. ஐந்து பிரபல முகங்களைப் போஸ்டரில் வரிசையாகப் போடலாம், மொத்தச் செலவு ஒரு முகத்துக்கானதுதான். நடிகர்களுக்கும் லாபம். இரண்டு நாடகங்களுக்கு இடையே வந்து நடித்துவிட்டுப் போகலாம்.

இவர்களுக்காக நிறைய எழுதியவர் ராபர்ட் பிளாக். ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ'வின் மூல நாவல் அவருடையதுதான். பதின்ம வயதிலேயே லவ்கிராஃப்டுக்குக் கடிதம் எழுதி நண்பரானவர். பிளாக் தன் கதை ஒன்றில் லவ்கிராஃப்ட் சாயலில் ஒரு பாத்திரத்தைப் படைத்துக் கொன்றார். பதிலுக்கு லவ்கிராஃப்ட், பிளாக் சாயலில் ஒருவரைத் தன் கதையில் கொன்றார். இந்த எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டேதான் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அமிகஸுக்காக பிளாக் எழுதிய 'டார்ச்சர் கார்டன்' (1967) படத்தில், போ சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் சேகரிக்கும் ஒருவர் வருகிறார். கையெழுத்துப் பிரதிகள், முதல் பதிப்புகள் எல்லாம் உண்டு. அவருடைய சேகரிப்பின் உச்சம் போவேதான், ஆளாகவே. 'தி ஹவுஸ் தட் டிரிப்டு பிளட்' (1971) படத்தின் கடைசிக் கதையில் ஜான் பெர்ட்வீ, தலைக்கனம் பிடித்த ஒரு திகில் நடிகர். செட்டு தரமில்லை என்று கத்துகிறார், கடைக்குப் போய் ஒரு பழைய மேலங்கி வாங்கி வருகிறார். போட்டால் உண்மையிலேயே ரத்தக் காட்டேரியாகிவிடுகிறார். பழைய டிராகுலா நடிகர்தான் சரி, இப்போது நடிப்பவரைச் சொல்லவில்லை என்று போகிற போக்கில் ஒரு இடி இடிப்பார். 'இப்போது நடிப்பவர்' கிறிஸ்டோஃபர் லீ. அவர் இதே படத்தின் இன்னொரு கதையில் நடித்திருக்கிறார்.

அமெரிக்காவில் இந்த மரபைப் பிடித்துக்கொண்டவர், பிட்ஸ்பர்க்கிலிருந்து சுயாதீனமாகப் படமெடுத்த ஜார்ஜ் ரொமேரோ. ஸ்டீஃபன் கிங் எழுத, 1982இல் 'கிரீப்ஷோ'. ஐந்து கதைகள், காமிக்ஸ் பக்கம் புரள்வது போன்ற வெளிக்கதை. அதில் காமிக்ஸ் படித்ததற்காக அப்பாவிடம் அடி வாங்கும் சிறுவன், கிங்கின் மகன் ஜோ ஹில். இன்று அவரும் திகில் எழுத்தாளர்.

இரண்டாவது கதையில் கிங்கே நடிக்கிறார். வயலில் விழுந்த விண்கல்லைத் தொட்டுவிட்டு, உடம்பெல்லாம் பச்சையாகச் செடி முளைக்கத் தொடங்கும் கிராமத்து விவசாயி. லவ்கிராஃப்ட் 1927இல் வெளியிட்ட 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' கதையின் நேரடி வாரிசு இது. மூலத்தில் ஒரு குடும்பமே மெல்ல மெல்லச் சிதைகிறது. கிங் அதை ஏறக்குறைய கார்ட்டூனாக ஆக்கியிருக்கிறார். கண்ணை உருட்டுகிறார், விண்கல்லைக் கல்லூரிக்கு விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று மனக்கணக்குப் போடுகிறார். ஓவர் ஆக்டிங்தான், சந்தேகமில்லை. ஆனால் கடைசியில், செடியாகவே மாறிவிட்ட அந்த அப்பாவி துப்பாக்கியைத் தேடும் இடத்தில் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். அவன் பட்ட கடனும், அந்தக் கல்லில் அவன் பார்த்த சின்ன நம்பிக்கையும் அதுவரை ஜோக்காகத்தானே இருந்தன?

இன்றைக்கு எடுக்க நினைப்பவர்களுக்கு

செல்போன் கேமராவும் எடிட்டிங் ஆப்பும் இருக்கும் காலத்தில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கொரு குறும்படம் எடுத்து ஆந்தாலஜியாகக் கோப்பது சாத்தியமான காரியம். கதைக்கு எங்கே போவது என்றால், கார்மன் போன அதே வழி இப்போதும் திறந்திருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒரு எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் அவருடைய படைப்புகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஐரோப்பிய நாடுகளில் 70 ஆண்டுகள். போ, லவ்கிராஃப்ட், பென்சன், வெல்ஸ் எல்லோரும் இந்த எல்லையைக் கடந்தவர்கள். பிளாக் 1994இல்தான் இறந்தார், அவர் கதைகளைக் கேட்காமல் தொட முடியாது. தமிழில் புதுமைப்பித்தன் இறந்தது 1948இல். 'காஞ்சனை'யைப் படித்தவர்களுக்குத் தெரியும், வியர்டு ஃபிக்‌ஷனைத் தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், மொழிபெயர்ப்பு. மூலக்கதைக்கு உரிமை முடிந்திருந்தாலும், அதைத் தமிழில் பெயர்த்தவருக்கு அவருடைய வரிகள் மீது தனி உரிமை உண்டு. மூலத்தைப் படித்து வசனத்தைச் சொந்தமாக எழுதினால் பிரச்சினை இல்லை.

பார்க்கத் தொடங்குபவர்கள் 'டெட் ஆஃப் நைட்' படத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஐந்து கதைகளும் உள்ள முழுப் பதிப்பா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து 'டேல்ஸ் ஆஃப் டெரர்'. அவசரம் என்றால் நடுக்கதையை மட்டும்.

கார்மன் 2024 மே மாதம் 98 வயதில் காலமானார். 2013இல் 'எக்ஸ்ட்ராஆர்டினரி டேல்ஸ்' என்று போவின் ஐந்து கதைகளை வைத்து ஒரு அனிமேஷன் ஆந்தாலஜி வந்தது. அதில் 'தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்' கதையில் இளவரசன் ப்ராஸ்பரோவுக்கு ஒரே ஒரு வசனம். 1964இல் இதே கதையைக் கார்மன் படமாக்கியபோது வின்சென்ட் பிரைஸ் செய்த வேடம் அது. அனிமேஷனில் அந்த ஒற்றை வசனத்துக்குக் குரல் கொடுத்திருப்பவர், ரோஜர் கார்மன்.